நாற்பது நிமிடம்

அந்தக் காரின் ஏசி இருபத்திரண்டு நிமிடம் வேலை செய்யும். அதற்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். காற்று வந்துகொண்டே இருக்கும், குளிர் மட்டும் போய்விடும். வெயில் குறைவான நாளில் முப்பது நிமிடம்வரை தாக்குப்பிடித்ததும் உண்டு. இதையெல்லாம் அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தேதி, கிளம்பிய நேரம், சத்தம் கேட்ட நேரம், வெளியே வெயிலா மேகமா என்பதுவரை எல்லாம் அதில் இருந்தது. மூன்று முறை மெக்கானிக்கிடம் நோட்டை நீட்டினாள். மூன்று முறையும் அவர் கல்யாணப் பத்திரிகையை வாங்குவதுபோல மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

நோட்டு காருக்காக வாங்கியதில்லை, மகளுக்காக வாங்கியது. மகளுக்கு நாலு வயது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பிகள் இல்லாத உடம்பு. உள்ளே போன சூடு வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடும். மற்றவர்கள் வெயிலில் வந்து உட்கார்ந்து, "அப்பப்பா, என்னா வேர்வை" என்று முகம் சுளித்துத் துடைத்துக்கொள்ளும்போது அம்மாவுக்கு வயிறு எரியும். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் பிள்ளை நெற்றியில் அரும்பாதா என்றிருக்கும். குழந்தைக்குத் தலைமுடியும் பூனைமயிர்தான், முன்பக்கம் கூராக இரண்டே பற்கள். அந்தப் பற்களைப் பார்த்து அப்பா வைத்த பேர் 'பூனை'. பூனைக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது. யாராவது நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்பா ஒரு பேக்கரியின் வேன் டிரைவர். காலை நாலு மணிக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பன்னிரண்டுக்குத்தான் வீடு. இந்தக் காரைப் பழசாக வாங்கும்போது அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டு, காற்று வரும் வாயில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "இது போதும்" என்றான். கார் என்ன நிறம் என்றே வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தான்.

நாளைக் காலை கிளம்ப வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருடத்தில் இரண்டே நாள் ஒரு டாக்டர் வருவார். இந்த மாதிரிக் குழந்தைகளை மட்டும் பார்க்கிறவர். உடம்பை நேரில் அளவெடுத்து, சூடேறாமல் காக்கும் குளிர்ச்சட்டை ஒன்று செய்துதரச் சொல்வார். அதைப் போட்டுக்கொண்டால் பிள்ளை நாலு மணி நேரம் வெளியே இருக்கலாம். நாலு மணி நேரம் என்றால் பள்ளிக்கூடம். "சட்டை இருந்தா சேத்துக்கிறோம், இல்லாம எங்களால பொறுப்பேத்துக்க முடியாது" என்று பள்ளிக்கூடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. பெற்ற தனக்கே அந்தப் பொறுப்பை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, அவர்களைச் சொல்லி என்ன?

ஆறு மணி நேரப் பாதை. இருட்டின பிறகு மலையில் வண்டி விடமாட்டார்கள், ஆகவே பகலில்தான் போக வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் மரம் மட்டை இல்லாத சமவெளி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம். வாடகைக் கார் எடுத்துப் பார்த்தாயிற்று. போன முறை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று டிரைவர் தன்பாட்டுக்கு ஏசியை அணைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷந்தானே" என்று சிரித்தான். பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அடுத்தவர் கையில் இருக்கும் பொத்தானை அவள் நம்புவதில்லை.

ஆக, மிச்சமிருப்பது இந்தக் கார். இருபத்திரண்டு நிமிடக் கார்.

மத்தியானம் ஒரு மணிக்கு நாலாவது முறையாக மூன்று பேரும் ஒர்க் ஷாப்புக்கு வந்தார்கள். மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ஃபுல் கூலிங்' என்று பட்டப்பேர். எந்த வண்டி வந்தாலும், எவ்வளவு கேவலமான நிலையில் வந்தாலும், "கவலையை விடுங்க, ஃபுல் கூலிங் பண்ணித் தர்றேன்" என்பார். ஊரில் பாதிக் கார்களுக்குக் குளிர் கொடுக்கிறவர் கடையில் ஏசி கிடையாது. தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை, பெருமூச்சு விடுகிற ஒரு ஃபேன்.

பூனையை எங்கே வைத்துக்கொள்வது? மெக்கானிக்கே யோசித்து, கசிவு கண்டுபிடிக்க ஏசியின் கண்டென்சரை முக்கி எங்கே குமிழி வருகிறதென்று பார்க்கும் பெரிய நீலத் தொட்டியை இழுத்துவந்தார். அதைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, பைப்பிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்தார்.

"வாங்க மேடம், உங்களுக்கு எங்கேயாவது லீக் இருக்கான்னு பாத்துருவோம்."

பூனை சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, "குமிழி வருதா?" என்று கேட்டது.

"ஒண்ணுகூட வரலியே. நல்ல உருப்படி."

குழந்தை சிரித்தது. இரண்டு பல்லும் தெரிந்தன. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் மெக்கானிக்கின் கையிலிருந்த பெட்டியிலேயே இருந்தது.

அந்தப் பெட்டியை அவர் ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு முனையைச் செருகினால், காருக்குள் என்ன நடக்கிறதென்று திரையில் எண் எண்ணாக ஓடும். வாங்கின நாளிலிருந்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. முதல் முறை இந்தக் கார் வந்தபோது கேஸ் குறைவு என்று கேஸ் ஏற்றினார். இரண்டாம் முறை கண்டென்சரைக் கழுவி, ரிலே மாற்றினார். மூன்றாம் முறை வண்டியை ஒரு சுற்று ஓட்டி, குளிர் நின்றதும் பெட்டியைப் பார்த்தார். பிரஷர் எகிறியிருந்தது. கேஸ் அதிகமாகிவிட்டதென்று கொஞ்சம் இறக்கினார். அதன்பிறகு அந்த இருபத்திரண்டு நிமிடக் குளிரும் அரைகுறையாகிவிட்டது.

இப்போதும் ஒரு சுற்றுப் போய்வந்து, பெட்டியைப் பார்த்தபடியே காரிலிருந்து இறங்கினார். 'ஃபுல் கூலிங்' என்று அவர் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"தம்பி, நான் மறைச்சுப் பேச விரும்பலை. பிரஷர் நானூத்திமுப்பது காட்டுது. இருநூத்திச் சொச்சம் இருக்க வேண்டியது. அவ்ளோ ஏறினா வெடிச்சிரக்கூடாதுன்னு வண்டியே குளிர் பண்ற கம்ப்ரஸரை நிறுத்திருது. அதான் அந்த 'டக்'. உள்ள எங்கியோ அடைப்பு. டேஷ்போர்டைப் பூரா கழட்டணும்."

"எவ்ளோ நேரமாகும்ணே?" என்றான் பூனையின் அப்பா. கையில் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பன் பொட்டலம் இருந்தது.

"நேரமா? மூணு நாள் சொல்லுங்க."

"நாளைக் காலையில கிளம்பணும்ணே."

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் சொல்றேன். ஐஸ் பெட்டி, ஈரத்துணின்னு சமாளிச்சுப் போக முடியுமா பாருங்க."

"பன்னெண்டு மணிக்கு அந்தப்பக்கம் நடுரோட்டில இருப்போம்," என்றாள் அவள். "ஈரத்துணி பத்து நிமிஷத்துல வெந்நீர்த் துணியாயிரும். முடியாது."

தொட்டியில் தண்ணீர் அளையும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா பன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லப்போகிறான் என்று அவளுக்குப் பட்டது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் திறந்தாள்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்கு நானூத்திமுப்பதுன்னு யாருண்ணே சொல்றாங்க?"

"யாரு சொல்றாங்களா? பைப்புல ஒரு சென்சார் இருக்கும்மா, கட்டைவிரல் தண்டிக்கு. அது பிரஷரைப் பாத்து மூணு வயர் வழியா மேல சொல்லும்."

"அது சரியாத்தான் சொல்லுதான்னு யாரு பாக்கறாங்க?"

மெக்கானிக் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

"அப்பிடிச் சந்தேகப்பட ஆரம்பிச்சா எதையுமே நம்ப முடியாது தங்கச்சி. மனுஷன் சொன்னா நாலு விதமாச் சொல்வான். மிஷின் எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது?"

"சொல்லும்ணே."

"நீ சும்மா இரு," என்றான் கணவன். அதட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னான். "அவருக்குத் தெரியாததா?"

சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வருடமாகச் சும்மாதானே இருந்தாள். இன்றைக்கும் மென்று விழுங்கியிருந்தால் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள், அந்த விஷயம் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் பூனை அந்த நேரம் பார்த்து, "பள்ளிக்கூடத்துலயும் தொட்டி இருக்குமா?" என்று கேட்டுத் தொலைத்தது.

அவள் மெக்கானிக்கைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி இவளுக்கு வலிப்பு வந்துச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க. அன்னிக்கு மத்தியானம் வீட்டில கரண்ட் இல்லை. இவ நெஞ்சில கை வச்சுப் பாத்தேன், கொதிச்சுது. தெர்மாமீட்டர் வச்சேன், தொண்ணூத்தெட்டுன்னு காட்டுச்சு. திரும்பக் கை வச்சேன், சுட்டுது. திரும்பத் தெர்மாமீட்டர் வச்சேன், அதே தொண்ணூத்தெட்டு. அதுக்கு முந்தின வாரம்தான், சும்மா சும்மா பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடறேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. சரி, என் கைதான் பைத்தியம், மிஷின் எதுக்குப் பொய் சொல்லப்போவுதுன்னு நானும் இப்ப நீங்க சொன்ன மாதிரியேதான் நினைச்சேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாப்பது நிமிஷம். அப்புறம் கண்ணு சொருகிருச்சு."

மெக்கானிக்கின் கை பெட்டியோடு அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரியில பாத்தா நூத்தஞ்சு. தெர்மாமீட்டர்ல பேட்டரி தீர்ற நிலைமைக்கு வந்து தப்பாக் காட்டியிருக்குண்ணே. அவ்வளவுதான் விஷயம். டாக்டர்கிட்ட, இவங்ககிட்ட, எல்லார்கிட்டயும் திடீர்னு ஏறிருச்சுன்னு சொன்னேன். திடீர்னெல்லாம் ஏறலை. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகும் கணவன் பக்கம் திரும்பவில்லை. அவன் செருப்பு மட்டும் கண்ணில் பட்டது, அது அசையவில்லை.

"அதுலேர்ந்து எங்க வீட்டில ரெண்டு தெர்மாமீட்டர். ரெண்டும் ஒண்ணாச் சொன்னாத்தான் நம்புவேன். உங்ககிட்ட பிரஷர் பாக்கறதுக்கு இந்தப் பெட்டியை விட்டா வேற எதுவும் இல்லையாண்ணே?"

மெக்கானிக் பெட்டியைக் கார் சீட்டில் வைத்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய், ஆணியில் மாட்டியிருந்த, பிரஷர் காட்டும் கேஜை எடுத்தார். சிவப்பும் நீலமுமாக இரண்டு ரப்பர் குழாய்கள், இரண்டு முள் வைத்த வட்டங்கள்.

"இருக்கும்மா. கேஸ் ஏத்தும்போது இதை மாட்டுவேன். அப்ப எஞ்சின் ஆறிக் கிடக்கும். பெட்டியும் முள்ளும் ஒத்துப்போச்சு. குளிர் நிக்கும்போது ரெண்டையும் சேத்துப் பாக்கலை. பெட்டிதான் இருக்கேன்னு..." அவர் முடிக்கவில்லை. "அந்த நோட்டைக் கொடு."

நாலாவது முறைதான் நோட்டைப் பிரித்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். வெயில், இருபத்தொன்று. வெயில், இருபத்திரண்டு. மேகம், முப்பது. மழை, குளிர் நிற்கவே இல்லை. அந்தக் கடைசி வரியில் விரல் நின்றது.

"இதை முன்னாடியே பாத்திருக்கணும் நான்," என்றார். "சூடேறினாத்தான் கோளாறு. பானட்டைத் திறந்து வச்சுப் பாத்தா காத்து பட்டு ஆறிரும். மூடி வச்சுத்தான் பாக்கணும்."

எஞ்சினை ஆறவிட்டு, குழாய்களை மாட்டி, பானட்டை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி, கேஜை முன்கண்ணாடியில் தொங்கவிட்டார். "தம்பி, நீ உள்ள உக்காந்து பெட்டியைப் படி. நான் முள்ளைப் பாக்கறேன். தங்கச்சி, நீ எழுது."

கணவன் காருக்குள் போய் உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது. மணி இரண்டு.

"முள்ளு இருநூறு," என்றார் மெக்கானிக்.

"இருநூத்திரெண்டு," என்றான் உள்ளேயிருந்து.

அவள் எழுதினாள். அந்த விஷயத்தைச் சொன்ன பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். குரலிலிருந்து எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள். எண்ணுக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒளித்துவைத்துவிட்டான் மனுஷன்.

ஐந்தாவது நிமிடம் இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினொன்று. பத்தாவது நிமிடம் இருநூற்றுப் பதினெட்டு, இருநூற்று இருபது. தகரக் கூரையின் கீழ் எஞ்சின் சூடும் வெயிலும் சேர்ந்து ஆளை அவித்தது. மெக்கானிக்கின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. நடுநடுவே அவள் ஓடிப்போய்ப் பூனையின் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டியில் புதுத் தண்ணீர் திறந்துவிட்டு வந்தாள். இரண்டும் இப்படியே ஒத்துப்போனால் தான் சொன்னது பொய்யாகிவிடும். பயணமும் போய், வீட்டு நிம்மதியும் போய், நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கடவுளே, கெட்டுப்போயிருக்கட்டும் என்று ஒரு பொருளைப் பார்த்து அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பதினாறாவது நிமிடம்.

"முள்ளு இருநூத்திஇருபது."

"இருநூத்திநாப்பத்தஞ்சு."

மெக்கானிக் திரும்பினார். "என்ன சொன்ன?"

"இருநூத்திநாப்பத்தஞ்சு. அம்பது. ஏறுதுண்ணே."

"இங்க முள்ளு ஆடலியே."

பத்தொன்பதில் முள் இருநூற்று இருபத்திரண்டு, பெட்டி முந்நூற்றுப் பத்து. இருபத்தொன்றில் முள் இருநூற்று இருபத்திரண்டு, பெட்டி முந்நூற்றுத் தொண்ணூறு. அவள் இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டாள். பிறகு 'டக்.' முள் மெல்ல இறங்கி நூற்றிருபதில் போய் நின்றது. பெட்டியில் மட்டும் நானூற்றுமுப்பது அசையாமல் நின்றது.

மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அறைந்தது. வயரை ஆட்டிப் பார்த்தார், மீட்டரை வைத்து மூன்று வயரையும் சோதித்தார். "வயர்ல குறையில்லை. அஞ்சு வோல்ட் சுத்தமா வருது. இந்தப் பயதான்." சென்சாரைத் தொடப்போய், சுட்டுக் கையை உதறினார். "இதை மட்டும் கொஞ்சம் ஆற வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும். தண்ணி ஊத்தினா வயருக்குள்ள போயிரும்."

அவள் காரின் பின்சீட்டிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, பூனைக்காக மடித்து வைத்திருந்த ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து நீட்டினாள். மெக்கானிக் அதை வாங்கி, கட்டைவிரல் தடிமனில் இருந்த அந்தச் சாமானைச் சுற்றிப் போர்த்தினார்.

"இப்பப் படி தம்பி."

"நானூத்திமுப்பது. நானூத்திமுப்பது. நானூத்திப்பத்து." கணவனின் குரல் எண்ணுக்கு எண் மாறியது. "முன்னூத்தம்பது. இருநூத்தெம்பது. இறங்குதுண்ணே. நூத்தம்பது. நூத்திஇருபத்தஞ்சு."

'டக்.' கம்ப்ரஸர் தானாகவே ஓட ஆரம்பித்தது.

மெக்கானிக் துணியைப் பிடித்தபடியே நின்றார். "இத்தனை நாளா இவன் பேச்சைக் கேட்டு நல்ல வண்டியில கேஸை ஏத்தி இறக்கி..." தன்னையே திட்டிக்கொள்ளச் சரியான வார்த்தை கிடைக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பிரஷர் அங்க இல்லவே இல்லை தங்கச்சி. நான் இல்லாத நோய்க்கு வைத்தியம் பாத்திருக்கேன்."

சாமான் கடை நாலு தெரு தள்ளி. பெரிய டேஷ்போர்டு வேலை ஒன்றும் இல்லை, சென்சாருக்குக் கீழேயே ஒரு வால்வு இருப்பதால் கேஸ் போகாமல் கழற்றி மாட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். போகும்போது, "கவலையை விடுங்க, ஃபுல் கூலிங்" என்று கத்திவிட்டுப் போனார். ஆள் பழைய நிலைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது.

அவர் போனதும் ஒர்க் ஷாப்பில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். இதற்கு மெக்கானிக் இருந்ததே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. கணவன் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, பன்னைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்துப் பூனைக்கு ஊட்டினான். இரண்டு பல்லுக்கு எல்லாமே நனைத்துத்தான் கொடுக்க வேண்டும். அவன் திட்டினால்கூடப் பரவாயில்லை. ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தினியா என்று நாலு பேர் பார்க்கக் கத்தினால் அவளும் அழுதுவிட்டுப்போவாள். கத்தமாட்டேன் என்கிறானே.

"ஏங்க," என்றாள்.

"இவளுக்குத் தண்ணி மாத்தணும், வெதுவெதுன்னு ஆயிருச்சு," என்றான். எழுந்துபோய்ப் பைப்பைத் திறந்தான்.

"அப்பா ஏன் பேசலை?" என்று பூனை அம்மாவைக் கேட்டது.

"அப்பாவுக்குக் களைப்பு."

"என்னை மாதிரி சூடாயிருச்சா?"

அவள் புறங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் வந்தார். பழசைத் திருகி எடுக்கும்போது 'புஸ்' என்று ஒரு கணம் சீறி அடங்கியது. புது ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, புது சென்சாரைக் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் இறுக்கினார். போன முறை இறக்கின அளவு கேஸை எடைபோட்டு ஏற்றினார். மறுபடி பானட்டை மூடி, முள்ளையும் பெட்டியையும் அரை மணி நேரம் சேர்த்தே பார்த்தார். இரண்டும் கடைசிவரை அண்ணன் தம்பிபோல் ஒட்டியே நின்றன. ஒவ்வொரு எண்ணையும் அவளை எழுதச் சொல்லி, கீழே தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

"இருந்தாலும் ரோட்டில ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு வந்திருங்க. பதினஞ்சு நிமிஷம் போயிட்டுத் திரும்புங்க. கேஜை ஆணியில மாட்டாம இங்கேயே வச்சிருக்கேன்."

நாலு மணி ஆகியும் வெயில் இறங்கவில்லை. பூனைக்கு உலர்ந்த சட்டை மாற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கார் கடைத்தெருவைத் தாண்டி, குடோன்களைத் தாண்டி, இரண்டு பக்கமும் பொட்டலான நெடுஞ்சாலைக்கு வந்தது. பதினைந்தாவது நிமிடம் ஒரு பெட்ரோல் பங்கு வந்தது, திரும்ப வசதியான இடம். அவன் திரும்பவில்லை. இருபத்திரண்டாவது நிமிடம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. காற்று சில்லென்று வந்துகொண்டே இருந்தது. இருபத்தைந்தும் ஆனது. அவள் பிள்ளையைச் சுற்றிப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

முப்பது நிமிடம் ஆயிற்று. அவன் திரும்பவில்லை.

"மெக்கானிக் காத்திருப்பாருங்க," என்றாள்.

அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. எங்கே கூட்டிக்கொண்டு போகிறான்? அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறானா? அவள் அம்மா வீடு இந்தத் திசையில்கூட இல்லை, ஆனாலும் பயத்துக்குத் திசை ஏது. செங்கல் சூளை ஒன்று போனது. பாலம் ஒன்று போனது. முப்பத்தைந்து. பூனை தூங்கிவிட்டது. குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் அவன் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சரியாக நாற்பதாவது நிமிடம் அவன் வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பது ஆச்சு," என்றான், முன்னால் பார்த்தபடி.

"ம்."

"இவ்ளோ நேரமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நல்ல ரோடு, நல்ல காத்து, புள்ள நிம்மதியாத் தூங்குது. அப்பிடியும் முடியவே மாட்டேங்குது. பாதியில நாலு தடவை கடிகாரத்தைப் பாத்துட்டேன்." ஸ்டியரிங்கைத் துணியால் துடைப்பதுபோல உள்ளங்கையால் துடைத்தான். "இவ்ளோ நேரமும் அந்த மிஷினை வச்சுக்கிட்டு நீ ஒத்தையா உக்காந்திருந்தியா?"

அவள் அழுதாள். பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று சத்தம் வராமல் அழுதாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு மெக்கானிக்கிட்ட சொன்னியே. எல்லாருமெல்லாம் இல்லை. சிரிச்சது நான் ஒருத்தன்தான்."

லாரி ஒன்று காரை உலுக்கிவிட்டுக் கடந்துபோனது. அந்த அதிர்வில் பூனை கண்ணைத் திறந்தது. கைகால்களைக் குறுக்கி அம்மாவின் வயிற்றோடு ஒண்டிக்கொண்டது.

"குளுருதும்மா," என்றது.

நாலு வருடத்தில் அந்த வார்த்தையை அது சொல்லி இரண்டு பேரும் கேட்டதில்லை. அவள் கை தன்னிச்சையாகப் பைக்குள் போய் இரண்டு தெர்மாமீட்டர்களையும் துழாவியது.

"அதை அப்புறம் வச்சுக்கலாம்," என்றான் அவன், இருக்கையில் முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்து. "முதல்ல கையை வச்சுப் பாரு."

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, புறங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். அவன் காத்திருந்தான்.

"நல்லா இருக்கா," என்றாள்.

அவன் எண் எதுவும் கேட்கவில்லை. ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.